வற்றிய ஆற்றுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா: திருநகர் மாடியறையிலிருந்து ஒரு வீடியோ கேம் இசை

இந்தக் கட்டுரை ஒரே ஒரு டிராக்கைப் பற்றியது. நீளம் 1 நிமிடம் 36 நொடி. மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடியில், 12 அடிக்கு 10 அடி அறையில் அமைத்தது. முடிக்க ஐந்து மாதம் ஆனது. முதல் இரண்டு மாத வேலை முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். அந்த முதல் வடிவம் ஏன் நிற்கவில்லை, இரண்டாவது எப்படி நின்றது என்பதை எழுதி வைத்தால், வீட்டிலிருந்து இந்த வேலைக்கு வரும் வேறு ஒருவருக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகும்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டிராக்கில் வளையும் பொருள்கள் சில, வளையாத பொருள்கள் சில. கணினியில் இருக்கும் சாம்பிள் ஆர்கெஸ்ட்ரா, அதாவது நிஜ வாத்தியங்களின் பதிவுத் துண்டுகளைக் கீபோர்டில் வாசிப்பது, எப்படி வேண்டுமானாலும் வளையும். நாதஸ்வரக் குழல் வளையாது. அறையின் நீளம் வளையாது. ஆட்டக்காரர் எப்போது நகர்வார் என்பது நம் கையில் இல்லை. நான் வளைவதை முதலில் எழுதி முடித்துவிட்டு, வளையாததை அதற்குள் திணிக்கப் பார்த்தேன்.

கேட்டது என்ன

நான்கு பேர் கொண்ட சிறு குழு ஒன்று கணினிக்கும் பிறகு கைபேசிக்குமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தது. ஒப்பந்தப்படி பெயரைச் சொல்ல முடியாது. தண்ணீர் தேடி வற்றிய ஆற்றைக் கடக்கும் ஒரு பெண்ணின் கதை. ஆற்றுக்குள் இறங்கும்போது அமைதி. நடக்க நடக்க ஏதோ பின்தொடர்கிற உணர்வு. பிறகு சண்டை. "ஆர்கெஸ்ட்ரா மாதிரி பெரிசா இருக்கணும், ஆனா நம்ம ஊர் மண்ணுல நிக்கணும்" என்றார்கள். மதுரைக்காரனுக்கு வற்றிய ஆற்றை விளக்க வேண்டியதில்லை. சித்திரையில் அழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிற ஊர் இது.

சினிமாவில் காட்சி 96 நொடி என்றால் 96 நொடிதான். கேமில் அப்படி இல்லை. ஆட்டக்காரர் ஆற்றின் நடுவில் நின்று அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் இருக்கலாம். அடுத்தவர் இறங்கிய பத்தாவது நொடியில் சண்டைக்குள் போய்விடலாம். இரண்டு பேருக்கும் இசை தனக்காகவே எழுதப்பட்டது போலக் கேட்க வேண்டும். இது பழைய சிக்கல்தான். 1991இலேயே லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற முறையை உருவாக்கி, விளையாட்டின் போக்குக்கு ஏற்ப இசை தாளம் தப்பாமல் மாறும்படி செய்தார்கள். இன்று அந்த வேலையை எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. இந்தக் குழு கேம் கட்டும் மென்பொருளான யூனிட்டியும் எஃப்மாடும் வைத்திருந்தது.

முதல் வடிவம்

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் உட்கார்ந்து டி மைனரில் எழுதத் தொடங்கினேன். கர்நாடக சங்கீதத்தில் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். டி என்றால் இரண்டு கட்டை, டி ஷார்ப் என்றால் இரண்டரை. மேற்கத்திய வயலினின் திறந்த கம்பிகள், அதாவது விரல் வைக்காதபோது கம்பிகள் தரும் சுரங்கள், ஜி, டி, ஏ, இ. டி சுருதியில் எழுதினால் அந்தக் கம்பிகள் தாமாகவே கூட அதிரும். வயலின் குழு முழுக்க ஒளிர்ந்து கேட்கும். ராகம் கீரவாணி. 21வது மேளகர்த்தா (தாய் ராகம்), மேற்கத்தியர் ஹார்மோனிக் மைனர் என்பதும் இதே சுரங்கள்தான். அதனால் இரண்டு பக்கமும் சண்டையில்லாமல் சேரும் என்று நம்பினேன்.

எங்கள் பகுதியில் இருக்கும் வயலின் டீச்சரை வரவழைத்து, இரண்டு மாலை செலவழித்து அந்த டிராக்குக்கு நிஜ வயலின் சேர்த்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் நாதஸ்வரம். சாம்பிள் நாதஸ்வரம் ஒன்று இருந்தது. சுரம் சரியாக வந்தது, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சரி என்று சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு வித்வானைப் போய்ப் பார்த்தேன். டிராக்கைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா இது ரெண்டு கட்டைல்ல? என் குழல் ரெண்டரை."

"கொஞ்சம் இறக்கி வாசிக்க முடியாதாங்கய்யா?"

"சீவாளியில மயிரிழை ஏத்தலாம் இறக்கலாம். அரைக் கட்டை எறங்காது."

சீவாளி என்பது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. நாதஸ்வரம் மரத்தில் கடைந்து துளையிட்ட வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்களே, புவிசார் குறியீடு பெற்றது, அந்த வகைதான் அவருடையதும். துளையின் இடத்தை யாரும் மாற்ற முடியாது. அவர் வாசிப்பதைப் பதிந்து கணினியில் அரை சுரம் இறக்கிப் பார்த்தேன். சுருதி சேர்ந்தது, குழலின் மூக்கு அடைத்துக்கொண்டது. அதை ஒருவரிடம் போட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆர்கெஸ்ட்ராவை அரை சுரம் ஏற்றுவது கணினியில் ஒரு நிமிட வேலை. ஏற்றினேன். அங்கேதான் முதல் வடிவம் உடைந்தது. டி ஷார்ப்பில் ச, ப இரண்டுக்கும் மேற்கத்திய வயலினின் திறந்த கம்பி ஒன்றுகூட உதவிக்கு வராது. ஒளி போய் மங்கிவிட்டது. நான்கு கம்பி டபுள் பேஸின் கடைசி சுரம் இ. அதற்குக் கீழே டி ஷார்ப் வேண்டுமென்றால் நீட்டிப்போ ஐந்தாவது கம்பியோ வேண்டும். டீச்சர் வாசித்த வயலினும் பழைய சுருதியில் இருந்ததால் அதுவும் வீண். அன்றிரவு பிராஜெக்ட்டை மூடிவிட்டு, ஒரு நோட்டில் வளையாதவை எவை என்று எழுதினேன். குழலின் சுருதி முதல் வரி.

வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராவை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார். புடாபெஸ்ட், பிராக், ஸ்கோப்யே நகரங்களில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கேட்டுக்கொண்டு பதியலாம். கட்டணம் மணிக்கணக்கு. எங்கள் பட்ஜெட் அதற்கு எட்டாது என்பது ஒரு காரணம். டி ஷார்ப்புக்கே இன்னொரு பெயரான ஈ ஃபிளாட் மைனர் என்று ஆறு ஃபிளாட்டோடு தாளைக் கையில் கொடுத்து, கீரவாணியின் காந்தாரத்தின் (க சுரத்தின்) அசைவை அதில் எழுதிக் காட்ட வழியில்லை என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது.

ஆடி மாதம், கல்யாண மண்டபம்

இரண்டாவது முறை நாதஸ்வரத்திலிருந்து தொடங்கினேன். மாடியறையில் அதைப் பதியவே முடியாது. நான்கு சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். குழலுக்கு மூச்சுவிட இடமிருக்காது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் சும்மா கிடக்கும், வித்வான்களுக்கும் கச்சேரி குறைவு. ஊருக்குச் சற்று வெளியே ஒரு மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் ஆடி என்றால் அம்மன் கோயில் ரேடியோ செட்டும் உண்டு. காலையும் மாலையும் ஆகாது. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை பாட்டை நிறுத்தியிருப்பார்கள் என்று முதல் நாளே போய்க் கேட்டு வைத்துக்கொண்டோம். அடுத்தது ஆடிக் காற்று. அம்மியை நகர்த்துகிறதோ இல்லையோ, மண்டபத்து ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஊதியது. ஜன்னல்களை அடைத்தோம். சத்தம் வராமலிருக்க மின்விசிறிகளையும் நிறுத்தினோம்.

தவில் வித்வானும் வந்திருந்தார். கேமுக்கு இரண்டு வாத்தியமும் தனித்தனி ஃபைலாக வேண்டும். ஆகவே தவிலை மணமகள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோம். இரண்டு டேக் போனது. இருவரும் கெட்டிக்காரர்கள், இருந்தும் வாசிப்பு ஒட்டவில்லை. "மூஞ்சியப் பாக்காம எப்படி தம்பி?" என்றார் தவில்காரர். கதவை ஓர் அடி திறந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது டேக்கில் வாசிப்பு வந்துவிட்டது, தவிலின் சத்தமும் நாதஸ்வர மைக்கில் வந்துவிட்டது.

தொழில்முறைப்படி அது கறைதான். ஆனால் அந்தக் கதவைத் திரும்ப மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. நோட்டில் இரண்டாவது வரி சேர்ந்தது: நாதஸ்வரம் வரும் இடத்தில் தவிலும் கூடவே இருக்கும், பிரிக்க முடியாது. பிற்பாடு கேமில் இசை அடுக்குகளின் வரிசையையே இந்த ஒரு வரிதான் தீர்மானித்தது.

மைக்கைப் பற்றி ஒரு விஷயம். நாதஸ்வரத்தின் சத்தம் முழுவதும் அடியில் விரிந்திருக்கும் அணசிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து அதன் வாய்க்கு நேராக மைக்கை வைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான சுரங்களில் திறந்திருக்கும் துளைகளிலிருந்தே நிறைய ஒலி வருகிறது. நடுக்குழலைப் பார்த்தபடி, சற்றே பக்கவாட்டில், நான்கடி தள்ளி ஒரு டைனமிக் மைக் வைத்தேன். பதினைந்தடி தள்ளி இரண்டு கண்டென்சர் மைக்குகள் மண்டபத்தின் ஒலியைப் பிடித்தன. பிறகு கலக்கும்போது முக்கால்வாசி எடுத்தது தூரத்து மைக்குகளைத்தான்.

கிளிக் சத்தத்துக்கு வாசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தால் ராகம் எங்கே வரும் என்றார், நியாயம். ஜால்ராவில் ஆதி தாளத்தை முன்பே பதிந்து, சுருதியோடு ஒரு காதில் மட்டும் கொடுத்தோம். நிமிடத்துக்கு 80 அடி. ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 8 அடி, சரியாக 6 நொடி. 16 ஆவர்த்தனம் 96 நொடி.

ஒன்பதாவது டேக் முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "தம்பி, உங்க சுருதி எறங்குதே" என்றார். மின்சுருதி எப்படி இறங்கும்? டியூனரை வைத்துப் பார்த்தேன். சுருதி அப்படியே இருந்தது. குழல்தான் 12 சென்ட் ஏறியிருந்தது. ஒரு சென்ட் என்பது அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு. ஜன்னல் அடைத்து விசிறி நிறுத்திய மண்டபம் இரண்டு மணி நேரத்தில் நன்றாகச் சூடாகியிருந்தது. காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும், ஊதுகுழலின் சுருதி ஏறும். வெறும் கணக்குப்படி ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட். வாசிப்பவரின் மூச்சே குழலை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. 12 சென்ட் வித்தியாசத்தை யந்திரம் இல்லாமல் காதாலேயே பிடித்தாரே, அதை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். மின்சுருதியை அவர் குழலுக்கு ஏற்றிக் கொடுத்தோம். அடுத்து வாசித்த பத்தாவது டேக்தான் கேமில் இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ரா குழலுக்கு வந்தது

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக சாம்பிள் பிளேயரின் மாஸ்டர் டியூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து 443க்கு மாற்றினேன். அது ஏறக்குறைய 12 சென்ட். நாற்பது வயலினும் பன்னிரண்டு செல்லோவும் ஒரு நொடியில் குழலுக்குப் பின்னால் வந்து நின்றன.

டீச்சரை மறுபடி அழைத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மேற்கத்திய வயலினுக்கு டி ஷார்ப் இருட்டு என்று சொன்னேனே, நம் வயலினுக்கு அப்படி எதுவும் இல்லை. நம்மவர்கள் கம்பிகளை ச ப ச ப என்று எந்தச் சுருதிக்கும் கூட்டிக்கொள்வார்கள். இரண்டரைக் கட்டைக்குக் கூட்டினால் அந்த நான்கு கம்பியும் இரண்டரைக் கட்டையிலேயே அதிரும். சாம்பிள் வயலின்கள் இழந்த ஒளியை ஒரே ஒரு கர்நாடக வயலின் திருப்பிக் கொண்டுவந்தது.

ஒன்றை எட்டாக்க ஒரே வரியை எட்டு முறை பதிந்தோம். ஒரே இடத்தில் ஒரே மைக்கில் எட்டு முறை பதிந்தால் கூட்டம் மாதிரிக் கேட்காது, ஒருவரே எதிரொலிப்பது மாதிரிக் கேட்கும். நாற்காலி என்றால் நகர்த்திவிடலாம். டீச்சர் பாயில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பவர். ஒவ்வொரு டேக்குக்கும் பாயை ஓர் அடி இழுத்துப் போட்டோம். சுவரைப் பார்த்து ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று, மைக்குக்கு முதுகு காட்டி ஒன்று. வில் திருப்புவதையும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடத்தில் செய்யச் சொன்னேன். "அசைவே இல்லாம நீட்டி வாசின்னா அது சுரமா தம்பி, வெறும் கோடு" என்றார். "கோடுதான் டீச்சர் வேணும், அசைவை நாதஸ்வரம் பாத்துக்கும்" என்றேன். கடைசி இரண்டு டேக்கில் அவரையும் மீறி நிஷாதத்தில் ஓர் அசைவு விழுந்தது. அதை அழிக்கவில்லை.

எழுத்திலும் ஒரு பெரிய மாற்றம். முதல் வடிவத்தில் வயலின்கள் ச, க, ப மூன்றையும் சேர்த்து முழு மைனர் கோர்டாகப் பிடித்திருந்தன. குழலின் காந்தாரம் அசையும்போது கீழே நிற்கும் காந்தாரத்தோடு உரசியது. இரண்டும் சரி, சேர்ந்தால் தப்பு. ஆர்கெஸ்ட்ராவிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிட்டேன். ச, ப மட்டும். காந்தாரம் குழலுக்குச் சொந்தம். குழல் இல்லாத அமைதியான பகுதியில் மட்டும் வயோலாவும் டபுள் பேஸும் மெல்ல அதைத் தொடும்.

சாம்பிள்களை உயிரோட்டமாக்குவதில் மந்திரம் எதுவும் இல்லை, பொறுமை வேண்டும். கீபோர்டில் சுரத்தை அழுத்தினால் அது பிறந்ததிலிருந்து முடிவுவரை ஒரே பலத்தில் நிற்கும். வலது கையால் சுரத்தை வாசித்தபடியே இடது கையால் ஒலியின் பலத்தை மாற்றும் மாட் வீலை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு வரியையும் வில்லின் நீளத்துக்கு ஏற்பப் பதிந்தேன். மவுஸால் கோடு வரைந்தால் வேகம்தான், ஆனால் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆட்டக்காரருக்குப் பின்னால் ஓடும் தாளம்

அடுக்குகள் நான்கு: கீழ்ச் சுருதி, வயலின் கூட்டம், தவில், தவிலோடு சேர்ந்த நாதஸ்வரம். கேமுக்குள் அபாயம் என்று ஓர் அளவு 0 முதல் 100 வரை ஓடும். அது ஏற ஏற அடுக்குகள் கூடும். முதல் வடிவத்தில் தவிலை மெல்ல ஃபேடரில் ஏற்றியிருந்தேன். யாரோ ரேடியோவின் ஒலியைத் திருகுவது போல இருந்தது. மெதுவாகத் தட்டும் தவிலுக்கும் ஓங்கி அடிக்கும் தவிலுக்கும் ஒலி அளவு மட்டுமல்ல, குரலே வேறு. அதனால் மண்டபத்தில் ஒரே கோர்வையை விரல் நுனியில் ஒன்று, முழுக் கையில் ஒன்று என இரண்டாக வாசித்து வாங்கியிருந்தோம். கேம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒன்றை இழுத்து மற்றொன்றாக்காது.

எந்த இடத்தில் மாறுவது என்பதுதான் கடினம். ஆவர்த்தன முடிவில் என்றால் 6 நொடிவரை காத்திருக்க வேண்டும்; சண்டை தொடங்கி ஆறு நொடியில் பாதி முடிந்துவிடும். ஒவ்வோர் அடியிலும் மாறலாம் என்றால் தாளத்தின் முதல் அடியான சமம் எங்கே என்றே தெரியாமல் போகிறது. இதற்கு விடை ஆதி தாளத்துக்குள்ளேயே இருந்தது. லகு 4, த்ருதம் 2, த்ருதம் 2. நாம் கைபோடும்போது எங்கே அங்கம் மாறுகிறதோ அங்கே மட்டும் மாற அனுமதித்தேன். எஃப்மாடில் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் மூன்று குறிகள். அதிகபட்சக் காத்திருப்பு 3 நொடி, மற்ற இரண்டு அங்கங்களில் ஒன்றரை நொடி. அந்த இடைவெளியை மறைக்க எதிரி தோன்றிய கணமே ஒற்றைத் தவில் அடி விழும். தாளம் போடத் தெரிந்த ஒருவருக்கு இது புதிதாகத் தோன்றாது. எனக்கு இந்தத் திட்டம் முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

டிராக் முடிந்து மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பும் இடத்தையும், அதாவது மடக்கும் இடத்தையும், சொல்ல வேண்டும். 48,000 ஹெர்ட்ஸில் 96 நொடி என்றால் 46,08,000 சாம்பிள். ஃபைல் அந்த எண்ணிக்கையில் துல்லியமாக முடிய வேண்டும். எம்பி3யில் கொடுக்கவே கூடாது. குறியாக்கும்போது முன்னால் சிறு மௌனம் சேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும். ஓக் வார்பிஸ் என்ற ஃபைல் வடிவில் அந்தத் தொல்லை இல்லை. மண்டபத்தின் எதிரொலி வால் அறுபடாமலிருக்க டிராக்கை இரண்டு சுற்று ஓடவிட்டு இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுத்தேன். முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தலையில் ஏறியிருக்கும். முதன்முறை ஆற்றில் இறங்கும்போது இல்லாத ஒன்றின் எதிரொலி கேட்டுவிடக் கூடாதே என்று தனியாக ஓர் ஆவர்த்தன முன்னோட்டமும் வைத்தோம்.

அறை சொன்ன பொய்

கலவையை அனுப்பியதும் குழுவிடமிருந்து வந்த முதல் கேள்வி: "பேஸ்ல நடுவுல ஒரு சுரம் காணாமப் போகுதே?" என் அறையில் அந்தச் சுரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அமைதிப் பகுதியில் டபுள் பேஸ் இறங்கித் தொடும் காந்தாரம் அது. எஃப் ஷார்ப், சுமார் 46 ஹெர்ட்ஸ். 12 அடி நீள அறையில் இரு சுவர்களுக்கிடையே நிற்கும் அலை சுமார் 47 ஹெர்ட்ஸில் விழுகிறது. அறையே அந்தச் சுரத்தைத் தூக்கிக் கொடுத்தது. நான் அதை நம்பி ஒலியைக் குறைத்துவிட்டேன். காடாத் துணி போர்த்திய நான்கங்குல ராக்வூல் பலகைகள் மேல் சுரங்களின் எதிரொலியைக் குடிக்கும், இந்த ஆழத்துக்கு அவை போதாது. மேசையை இரண்டடி முன்னால் நகர்த்தினேன், பேஸைத் திறந்த ஹெட்ஃபோனிலேயே முடிவு செய்தேன்.

கைபேசி வடிவத்துக்கு அந்தச் சுரம் எப்படியும் கேட்காது. அங்கே செல்லோவும் பஸூனும் ஒரு ஸ்தாயி மேலே அதே வரியை வாசிக்கின்றன. ஒலி அளவுக்கு, எல்.யு.எஃப்.எஸ் என்ற ஒலி உரப்பு அலகில் சோனி தன் கன்சோல் கேம்களுக்குப் பரிந்துரைத்த மைனஸ் 23ஐயும், கையடக்கக் கருவிகளுக்கான மைனஸ் 18ஐயும் அடிப்படையாக வைத்துக்கொண்டோம்.

சோதனையின்போது ஆடியவர்களில் ஒருவர் சண்டைக்குப் போகாமல் ஆற்றுக்குள் 20 நிமிடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தார். மடக்கும் இடம் எங்கே என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை.

பதினோராவது ஆவர்த்தனத்தில் குழல் சமத்துக்கு ஒரு கணம் தாமதமாக வந்து இறங்குகிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டுக்கு வலப்பக்கம் அலை தொடங்குவது தெரியும். ஒரு இழுப்பில் நேராக்கிவிடலாம். அதே இடத்தில், மணமகள் அறையின் ஓர் அடிக் கதவு வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே தவிலும் ஒரு கணம் காத்திருந்து அடித்திருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. வயலின்களை அந்த இடத்தில் அவர்களுக்காகத் தள்ளி வைத்தேன்.